இரண்டாம் ஆண்டின் பசி

1999 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடந்த ஓர் அறுவை சிகிச்சை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பானது. மேசையில் படுத்திருந்தவர் பாடகி கார்னி வில்சன். 'பீச் பாய்ஸ்' இசைக்குழுவின் பிரையன் வில்சனுடைய மகள். 'வில்சன் பிலிப்ஸ்' என்ற மூவர் குழுவில் பாடி 1990-இல் பெரும்புகழ் பெற்றவர். அப்போது அவருடைய எடை சுமார் 300 பவுண்டு, நம் கணக்கில் 136 கிலோ. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சின்னப் பையைத் தனியாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரே இணைத்தார்கள். இரைப்பை பைபாஸ் என்பது இதுதான். ஒன்றிரண்டு ஆண்டுகளில் எடை கிட்டத்தட்டப் பாதியானது. பத்திரிகை அட்டைகளில் புதிய கார்னி சிரித்தார்.

கேமராக்கள் போன பிறகு நடந்ததைப் பின்னாளில் அவரே சொன்னார். சாப்பாடு காலி செய்த இடத்தில் மது வந்து உட்கார்ந்தது. போராடி அதிலிருந்து மீண்டார். எடை மெல்ல மெல்ல ஏறியது. 2012-இல் இரைப்பையைச் சுற்றிப் பட்டை பொருத்தும் இரண்டாவது அறுவைக்குப் போனார்.

இதைக் கேட்டதும் 'அப்படியானால் ஆபரேஷன் பலிக்கவில்லை' என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. சுவீடனில் 1987-இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும், அதே அளவு பருமனாக இருந்தும் செய்துகொள்ளாத 2,000 பேரையும் பல ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தது. அறுவை செய்துகொண்டவர்களின் இறப்பு அபாயம் 29 சதவீதம் குறைவு என்று 2007-இல் தெரிந்தது. சராசரியாக 3 ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள் என்று 2020-இல் தெரிந்தது. அறுவையின் ஆபத்தும் பலர் பயப்படுகிற அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் 4,776 பேரைக் கவனித்தபோது முதல் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம்.

அதே சுவீடன் ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தங்கள் எடையில் சராசரியாக 32 சதவீதத்தை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் பார்த்தபோது அது 25 சதவீதம். 120 கிலோ எடையுள்ள ஒருவர் 82-க்கு இறங்கி, பிறகு 90-இல் நிலைகொள்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். 120-லிருந்து 90 என்பது சாதாரண வெற்றியில்லை. ஆனால் 82-ஐ ஒருமுறை பார்த்துவிட்டவருக்கு 90 தோல்வியாகத்தான் தெரியும். இந்த எட்டு கிலோவுக்கு அவரை யாரும் தயார் செய்திருக்க மாட்டார்கள்.

நம் குடும்பங்கள் அறுவை நாளுக்குத் தயாராவதில் கெட்டிக்காரர்கள். லீவு, பணம், கூட இருக்க ஓர் ஆள், வேண்டுதல், ரத்த தானத்துக்கு இரண்டு நண்பர்கள் என்று எதுவும் விட்டுப்போகாது. முதல் ஆண்டும் பெரும்பாலும் தானாகவே ஓடிவிடும். சோதனை தொடங்குவது இரண்டாம் ஆண்டில்தான்.

ஏன் என்று புரிந்துகொள்ள இரைப்பைக்குள் கொஞ்சம் போக வேண்டும். 1960-களில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அல்சருக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்த பெண்கள் அதற்குப் பிறகு எடை போடவே இல்லை. நோயாளிகளுக்குத் தொல்லையாக இருந்த பக்க விளைவை அவர் சிகிச்சையாக மாற்றினார். 1966-இல் முதல் இரைப்பை பைபாஸ் நடந்தது. பை சிறியதாகிவிட்டது, அதனால் சாப்பாடு குறைகிறது, அதனால் எடை குறைகிறது என்றுதான் பல ஆண்டுகள் எல்லோரும் நினைத்தார்கள்.

கார்னி வில்சன் மேசையில் படுத்த அதே 1999-இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா என்ற இருவர் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். இரைப்பையின் மேல்வளைவில் அதிகம் சுரந்து, மூளைக்குப் போய் 'பசிக்கிறது' என்று சொல்லும் பொருள் அது. இன்று உலகெங்கும் அதிகம் செய்யப்படுகிற ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் ஏறக்குறைய 80 சதவீதம் போய்விடுகிறது. வெட்டி எடுக்கப்படும் பகுதியில்தான் அந்த மேல்வளைவு இருக்கிறது. பைபாஸில் உணவு சீக்கிரமே சிறுகுடலைத் தொடுவதால், 'போதும்' என்று சொல்லும் ஜி.எல்.பி-1 போன்ற ஹார்மோன்கள் பல மடங்கு எழுகின்றன. இன்று எடை குறைய வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் ஊசியில் இருப்பதும் அந்த ஜி.எல்.பி-1 போலவே செயல்படும் மருந்துதான். வட கரோலினாவைச் சேர்ந்த வால்டர் போரிஸ், பைபாஸ் செய்த பலருக்கு எடை குறையத் தொடங்கும் முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை கட்டுக்குள் வருவதை 1995-இல் எழுதியபோது, இதை யார் எதிர்பார்த்திருப்பார்கள் என்று கட்டுரைத் தலைப்பிலேயே வியந்தார்.

ஆக, முதல் ஆண்டில் பசி அடங்கிக் கிடப்பதற்கு மன உறுதி காரணமில்லை, வேதியியல்தான் காரணம். மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். பிரியாணி வாசம் வந்தாலும் உள்ளே எதுவும் அசையாது. 'எனக்கு ஆசையே போய்விட்டது' என்று நோயாளி சொல்வார், அது உண்மையும்கூட. ஆனால் உடல் தன் பழைய எடையை அவ்வளவு லேசில் மறப்பதில்லை. ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் பசி திரும்பும், பை சற்றுத் தளரும், ஒரு வேளைக்கு உள்ளே போகும் அளவு கூடும். அந்த நேரத்தில் கைவசம் என்ன பழக்கம் இருக்கிறதோ அதுதான் அதன் பிறகான எடையைத் தீர்மானிக்கும். அந்தப் பழக்கத்தை, பசி இல்லாத முதல் ஆண்டிலேயே ஊன்றிவிட வேண்டும். அதற்கான ஒத்திகை அறுவைக்கு முன்பே தொடங்கினால் இன்னும் நல்லது.

ஒத்திகை என்றால் சமையலறையில்.

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் பெரும்பாலான மருத்துவமனைகள் குறைந்த கலோரி உணவைக் கட்டாயமாக்குகின்றன. அதை எடை குறைப்பதற்கான பட்டினி என்று நினைப்பவர்கள் அதிகம். நோக்கம் வேறு. கல்லீரலின் இடது மடல் இரைப்பைக்கு மேலே படர்ந்திருக்கிறது. கொழுப்பு படிந்து பெருத்திருந்தால் கருவிகள் நுழைய இடம் இருக்காது. இரண்டு வாரத்தில் அந்தக் கொழுப்பும் நீரும் கரைந்து கல்லீரல் சுருங்கிக் கொடுக்கும். பலர் இந்த நாட்களில் 'இனிமேல் சாப்பிடவா போகிறோம்' என்று பிடித்த கடைகளுக்கெல்லாம் ஒரு சுற்று போய் வருகிறார்கள். அறுவை மருத்துவருக்கு அந்தக் கடைசி விருந்து உள்ளே கேமரா போனதும் தெரிந்துவிடும்.

அறுவைக்குப் பிறகு முதலில் தெளிந்த திரவம், பிறகு பால், மோர், பருப்புத் தண்ணீர், அடுத்து மசித்த உணவு, அதற்குப் பின் மென்மையான உணவு என்று ஆறு முதல் எட்டு வாரத்தில் சாதாரணச் சாப்பாட்டுக்கு வருவார்கள். இதில் பெரும்பாலும் யாரும் தடுமாறுவதில்லை. கையில் கொடுத்த தாளைப் பார்த்துச் செய்துவிடுகிறார்கள். சிக்கல் தாள் முடிந்த பிறகு. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போக வேண்டும், இல்லையென்றால் கொழுப்போடு தசையும் கரையும். ஓர் இட்லியில் 2 கிராம்தான் புரதம் இருக்கிறது. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுப் பை நிறைந்துபோனவருக்கு நான்கு கிராம் வரவு. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பனீரில் 18 கிராம், அதே அளவு சமைத்த கோழியில் 27 கிராமுக்குக் குறையாது. அசைவம் சாப்பிடுபவர் எப்படியும் சமாளிப்பார். சைவக் குடும்பத்தில் இந்தக் கணக்கை அறுவைக்கு முன்பே உட்கார்ந்து போட வேண்டும். பெரும்பாலும் புரதப் பொடி இல்லாமல் கணக்கு நேராகாது.

நம் சாப்பாட்டு முறையையே இது புரட்டிப் போடுகிறது. சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம் என்று சோறு நடுவில் இருக்க, மற்றவை அதைச் சுற்றி வரும். அறுவைக்குப் பிறகு சுண்டலும் மீனும் முட்டையும் முதலில், காய் அடுத்தது, இடம் மிச்சம் இருந்தால் இரண்டு வாய் சோறு. தண்ணீர் சாப்பாட்டோடு கூடவே கூடாது, அரை மணி நேரம் தள்ளித்தான். சொம்பைத் தூக்கி அண்ணாந்து மடமடவென்று குடித்துப் பழகியவருக்கு, ஒன்றரை லிட்டரை நாள் முழுக்க ஒவ்வொரு மிடறாக உள்ளே அனுப்புவது சோற்றைக் குறைப்பதைவிடக் கஷ்டம். ஒரு கவளத்தைக் கூழாகும்வரை மென்று, ஒரு வேளைக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொள்வதும் அப்படித்தான். இவை எதற்கும் அறுவை முடிய வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மூன்று மாதம் முன்பே சின்னத் தட்டில், சின்னக் கரண்டியில் பழகத் தொடங்கியவர்களுக்கு முதல் மாத வாந்தி குறைவு.

இனிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பைபாஸ் செய்தவர் ஒரு குலாப் ஜாமூனைச் சாப்பிட்டால் அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிற்றைப் புரட்டி, கழிவறைக்கு ஓட நேரலாம். செறிந்த சர்க்கரை நேராகச் சிறுகுடலில் போய் விழுந்து ரத்தத்திலிருந்து நீரை இழுப்பதால் வருவது இது, டம்பிங் என்பார்கள். இன்னொரு வகை ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். அதில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ரத்தச் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். பலர் இதை இனிப்புக்கு எதிரான காவல்காரன் என்று நம்பி நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் டம்பிங் வருவதில்லை. ஸ்லீவ் செய்தவர்களுக்கு இன்னும் குறைவு. முறுக்கு, மிக்சர், பிஸ்கட் போன்றவற்றுக்கு அந்தக் காவல்காரன் கதவையே சாத்துவதில்லை. வாயில் கூழாகி, பையில் தங்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும் இவற்றை நாள் முழுக்கக் கொறிக்கலாம். தமிழ்நாட்டில் இழந்த எடை திரும்பி வரும் வழி பெரும்பாலும் மத்தியானச் சாப்பாடாக இருக்காது; மாலை டீயும் அதனுடன் வரும் தட்டும்தான்.

உடம்பு தரும் அதிர்ச்சிகளில் முதலாவது முடி. மூன்றாம் மாதம் தொடங்கிச் சீப்பில் கொத்துக் கொத்தாக வரும். பெரிய காய்ச்சலுக்குப் பின்னும் பிரசவத்துக்குப் பின்னும் நடப்பதுபோல், உடல் நெருக்கடியில் இருக்கும்போது முடிவேர்கள் மொத்தமாக ஓய்வு நிலைக்குப் போவதால் வருவது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் சில மாதத்தில் திரும்ப முளைக்கும். முன்பே சொல்லி வைத்திருந்தால் பயப்பட மாட்டார்கள். சொல்லாவிட்டால் 'ஆபரேஷனால் வழுக்கை' என்று ஊரெல்லாம் பேச்சு வந்துவிடும். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உருவாவதும் சகஜம் என்பதால், முதல் ஆறு மாதத்துக்கு அதற்கென ஒரு மாத்திரையைப் பல மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள்.

விடாமல் வாந்தி எடுப்பது வேறு சங்கதி. உடலில் தயமின் என்ற பி1 வைட்டமினின் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் காணும். அது தீர்ந்தால் கண் அசைவு தடுமாறும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். 'ஆபரேஷன் பண்ணினால் வாந்தி வரத்தானே செய்யும்' என்று வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு நேரலாம்.

பி12 இதற்கு நேர் எதிர். கல்லீரல் அதைப் பல ஆண்டுகளுக்குச் சேமித்து வைத்திருப்பதால், அறுவைக்குப் பிறகு உறிஞ்சுவது நின்றுபோனாலும் இரண்டு மூன்று ஆண்டு வரை ஒன்றும் தெரியாது. அதற்குள் நோயாளி மாத்திரையை மறந்திருப்பார். பிறகு பாதம் மதமதக்கும், மறதி வரும். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர் என்றால் பழி அதன்மேல் போகும். மெட்ஃபார்மின் மாத்திரையும் பி12-ஐக் குறைக்கும், சைவ உணவிலும் அது குறைவு என்பதால், நம் ஊர் நோயாளிகள் பலர் அறுவைக்கு வரும்போதே பாதி காலியான கிடங்கோடு வருகிறார்கள். முன்கூட்டியே பி12, இரும்பு, வைட்டமின் டி ஆகியவற்றைப் பரிசோதித்து நிரப்பிக்கொள்வது, அறுவைக்கு முந்தைய வேலைகளிலேயே மலிவானது. வைட்டமின் மாத்திரைகளோ ஆயுள் முழுக்க.

இன்னொரு எச்சரிக்கை மருந்துக்கடையைப் பற்றியது. 'உடம்பு வலிக்கு ஏதாவது கொடுங்க' என்றால் எடுத்து நீட்டப்படும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகைகள், பைபாஸ் செய்தவரின் குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். புகைபிடித்தலும் அப்படியே. வலி என்றால் பாராசிட்டமால் என்பதை நோயாளி மட்டும் இல்லை, மாத்திரை வாங்கி வரப் போகும் மகனும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தொங்கும் தோலுக்குத் தயாராக வருபவர்கள் குறைவு. பல ஆண்டுகள் இழுபட்ட தோலின் நார்கள் அறுந்துபோயிருப்பதால், உடற்பயிற்சி தசையை மீட்கும், தோலை மீட்காது. வயிற்றின் மடிப்பிலும் கைகளின் அடியிலும் தொங்கி, நம் வெயிலில் வியர்த்துப் புண்ணாகும். எடை நிலைத்த பிறகு, அதாவது ஒன்றரை ஆண்டுக்குப் பின், வெட்டிச் சீராக்கலாம். அது தனி அறுவை, தனிச் செலவு. விளம்பரப் படங்களில் 'முன்', 'பின்' இரண்டும் உடையணிந்தே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

கல்யாணத்துக்காக அறுவை செய்துகொள்ளும் இளம்பெண்களைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. எடை குறைந்ததும் நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்குக்கூட மாதவிலக்கு சீராகி, கருத்தரிக்கும் வாய்ப்பு சட்டென்று கூடுகிறது. ஆனால் தாயே வேகமாக இளைத்துக்கொண்டிருக்கும்போது கருவுக்குச் சத்துப் போதாது என்பதால், 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை முழுதாக நம்பவும் முடியாது. நிச்சயதார்த்தத்துக்கு நாலு மாதம் முன் அறுவை, கல்யாணமாகி மூன்றாம் மாதம் 'விசேஷம் ஏதும் உண்டா?' என்ற விசாரிப்பு. இரண்டையும் ஒரே பெண்ணின் உடம்பால் தாங்க முடியாது. நாள் குறிக்கும் குடும்பங்கள் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

மனதின் கதையும் சான் டியாகோவில்தான் தொடங்குகிறது. 1980-களில் அங்கே வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் அறுவை இல்லாமல், திரவ உணவால் எடை குறைக்கும் திட்டம் ஒன்றை நடத்தினார். பலன் அபாரம். ஆனால் நன்றாக இளைத்துக்கொண்டிருந்தவர்களே பாதியில் ஓடினார்கள். ஓராண்டில் 408 பவுண்டிலிருந்து 132 பவுண்டுக்கு இறங்கிய ஒரு பெண், கூட வேலை செய்த ஒருவர் தப்பான நோக்கத்தோடு பேசிய பிறகு சில வாரங்களிலேயே மளமளவென்று எடை போட்டார். ஃபெலிட்டி நோயாளிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசினார். அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். அந்த உடம்பு அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எடை அவர்களுக்குப் பிரச்சினையாகவே இருக்கவில்லை, வேறொரு பிரச்சினைக்கு அவர்கள் கண்டுபிடித்த தீர்வாக இருந்தது. இந்தத் தேடல் வளர்ந்து, 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வானது; அதன் முதல் முடிவுகள் 1998-இல் வெளியாயின. குழந்தைப் பருவத் துயரங்களுக்கும் பெரியவரானபின் வரும் நோய்களுக்கும் உள்ள தொடர்பைப் பேசும் யாரும் இன்று அதைத் தொடாமல் போவதில்லை.

அறுவைக்கு முன் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள், 'எனக்கென்ன பைத்தியமா?' என்று. அது தேர்வு எழுதிப் பாஸாகும் இடமில்லை. தீவிர மனச்சோர்வோ, குடிப் பழக்கமோ, விழுந்து விழுந்து சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் வழக்கமோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வரச் சொல்வார்கள். நிரந்தரமாக மறுக்கப்படுபவர்கள் குறைவு. அங்கே கிடைக்க வேண்டியது ஒரே ஒரு கேள்விக்கான நேர்மையான பதில்: வயிறு பசிக்காத நேரங்களில் இவர் எதற்காகச் சாப்பிடுகிறார்? மாமியாருடன் சண்டையா, இரவு ஷிஃப்டா, தனிமையா, வெறும் சலிப்பா? ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். அறுவைக்குப் பிறகு அந்தச் சண்டையும் தனிமையும் அங்கேயே இருக்கும். ஆறுதலாக இருந்த தட்டு மட்டும் இருக்காது.

அந்த வெற்றிடத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சுமார் 2,000 பேரிடம் மதுப் பழக்கத்தை விசாரித்து 2012-இல் வெளியிட்டார்கள். அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 சதவீதம் பேருக்கு மதுச் சிக்கல் இருந்தது. முதல் ஆண்டில் 7.3. இரண்டாம் ஆண்டில் 9.6. பைபாஸ் செய்த உடலில் மது சீக்கிரமே ரத்தத்தில் ஏறி உச்சத்துக்குப் போகிறது. முன்பு மூன்று பெக்கில் வந்த போதை ஒன்றிலேயே வந்துவிடுகிறது. கனடாவின் ஒண்டாரியோவில் 8,815 பேரின் மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களின் விகிதம் அறுவைக்குப் பின்னான மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகியிருந்தது. ஆயிரத்தில் சிலர்தான் என்றாலும், பெரும்பாலானவை நடந்தது இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில். எடை, மது, மனம் என்று மூன்று வேறு ஆய்வுகள் ஒரே ஆண்டுக் கணக்கைக் காட்டுகின்றன. மருத்துவமனை வரவுகள் குறைந்து, வாழ்த்துகள் ஓய்ந்து, தராசு முள் நின்றுபோகும் காலமும் அதுதான். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால் எடைக்கான சந்திப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது. மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வீட்டுக்குள்ளும் எடை மாறும். சுவீடனின் பதிவேடுகளை வைத்து 2018-இல் வெளியான ஆய்வு, அறுவைக்குப் பின் திருமண முறிவுகளும் அதிகம், தனியாக இருந்தவர்களுக்குப் புதிய உறவுகளும் அதிகம் என்று காட்டியது. நாற்பது கிலோ குறைந்த மனைவி வேலைக்குப் போக விரும்புகிறாள், புகைப்படத்தில் முன்வரிசைக்கு வருகிறாள், 'வேண்டாம்' என்று சொல்லப் பழகுகிறாள். எல்லாக் கணவன்மாருக்கும் இது உடனே பிடித்துவிடுவதில்லை. அறுவைக்கு முன் நடக்கும் ஆலோசனையில் கணவனோ மனைவியோ ஒருமுறையாவது கூட உட்கார வேண்டும் என்று நல்ல மருத்துவக் குழுக்கள் வற்புறுத்துவது அதனால்தான். சமைப்பவர் யாரோ அவரும் வர வேண்டும்.

கண்ணாடியும் உடனே ஒத்துக்கொள்வதில்லை. மூளை வைத்திருக்கும் உடலின் வரைபடம் தாமதமாகத்தான் திருத்தப்படும். அளவு குறைந்த பிறகும் பேருந்தில் பக்கவாட்டில் திரும்பி நடப்பார்கள், கைப்பிடி இல்லாத நாற்காலியைத் தேடுவார்கள், துணிக்கடையில் பழைய அளவையே எடுப்பார்கள். மாதம் ஒரு படம், இடுப்புக்கு ஒரு டேப் என்று பதிவு வைத்துக்கொள்வது இதற்கு உதவும். தராசு அசையாமல் நிற்கும் மூன்றாம், நான்காம் வாரத்திலும் இடுப்பு குறைந்துகொண்டிருக்கும்.

யாரிடம் சொல்வது என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். அறுவையை மறைத்து 'டயட்' என்று சொல்லிக்கொள்பவர்கள் பலர். சொல்வதும் சொல்லாததும் அவரவர் உரிமை. ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில், 'என்ன இது, கோழி கொத்தின மாதிரி! இலையில் எல்லாம் அப்படியே இருக்கே' என்று ஒரு சித்தி இன்னொரு கரண்டி போடும்போது, காரணம் தெரிந்த ஒருவராவது பக்கத்தில் இருந்தால் உதவியாக இருக்கும். ஒரு வாய் கூடினாலும் நெஞ்சில் அடைத்துக்கொள்ளும் காலம் அது.

யாருக்கு இந்த அறுவை என்ற கேள்வியில் நம் நாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரே பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவு) உள்ள ஐரோப்பியரைவிட இந்தியருக்கு வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் அதிகம் என்பதால், ஆசியர்களுக்கு அறுவைக்கான பி.எம்.ஐ. எல்லையைக் குறைத்தார்கள்: கூட வேறு நோய் இருந்தால் 32.5, இல்லையென்றால் 37.5. 2022-இல் வந்த உலகளாவிய பரிந்துரை ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே யோசிக்கலாம் என்கிறது. ஆனால் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 விதி, குறைந்தது 40, அல்லது கடுமையான துணை நோயோடு குறைந்தது 35 என்ற பழைய மேற்கத்திய அளவையே வைத்தது. மருத்துவர் 'செய்யலாம்' என்பவருக்குக் காப்பீட்டு நிறுவனம் 'இல்லை' என்று சொல்லும் இடைவெளி இது. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள் என்பதால், இந்த இடைவெளியில் சிக்குபவர்கள் கொஞ்ச நஞ்சம் இல்லை. கையிலிருந்து பணம் கட்டுபவர்கள் அறுவைச் செலவை மட்டும் எண்ணாமல், மாத்திரை, புரதப் பொடி, ரத்தப் பரிசோதனை என்று அடுத்த ஐந்து ஆண்டுச் செலவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

எடை திரும்ப ஏறத் தொடங்கியவர்கள் முதலில் செய்வது கிளினிக்குக்குப் போவதை நிறுத்துவது. திட்டுவார்கள் என்ற வெட்கம். ஐந்து கிலோவில் வந்திருந்தால் சுலபமாகச் சரிசெய்திருக்கக் கூடியது, இருபது கிலோவில் வரும்போது கஷ்டமாகிறது. ஏற்றத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம்: தளர்ந்த பை, கொறிக்கும் பழக்கம், புதிதாகத் தொடங்கிய ஒரு மனநல மருந்து, தைராய்டு, தூக்கமின்மை. ஸ்லீவ் செய்தவருக்கு நெஞ்செரிச்சலும் சேர்ந்திருந்தால் அதைப் பைபாஸாக மாற்றுவதுண்டு. பின்லாந்தில் பத்து ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வில் உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கும், பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம் பேருக்கும் இருந்தது. 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த எடைக் குறைப்பு ஊசிகளையும் மருத்துவர்கள் இப்போது இவர்களுக்கு யோசிக்கிறார்கள். எந்த வழியானாலும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது மூன்று: பழைய அறுவைக் குறிப்பு, புதிய ரத்தப் பரிசோதனை, ஒரு வாரம் வாயில் போட்டதையெல்லாம் மறைக்காமல் எழுதிய நோட்டு.